துண்டு போடுகிற மனசும் மறுகால் பாய்கிற மனசும்

வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டுக்குள் திசையன்விளை வண்டி நுழைகிற காட்சியைத் திருநெல்வேலிக்காரர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு, மஞ்சப்பை, குடை எல்லாம் பறக்கும். போன தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் என் கைக்குட்டையை எறிந்தேன். எறிந்துவிட்டு, முண்டியடித்து ஏறிப் பார்த்தால் என்னையும் சேர்த்து 17 பேர். முக்கால்வாசி வண்டி காலி. என் கைக்குட்டை ஒரு சீட்டில் அநாதையாகக் கிடந்தது. அதை எடுத்து மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, வெட்கமாக இருந்தாலும், ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரியும் இருந்தது. யாரை ஜெயித்தேன் என்பதுதான் தெரியவில்லை.

அந்தக் கைக்குட்டைக்குப் படித்தவர்கள் வைத்திருக்கிற பெயர் பற்றாக்குறை மனநிலை. முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். பற்றாக்குறை வேறு, பற்றாக்குறை மனநிலை வேறு. தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி துண்டு போடுவது பற்றாக்குறை. சீட் உண்மையிலேயே கிடையாது, போடாதவன் நாங்குநேரி வரைக்குமாவது நின்றுகொண்டுதான் போக வேண்டும். காலி வண்டியில் துண்டு போடுவது மனநிலை. கையில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே, 'இருக்காது, கிடைக்காது, வேறு எவனோ எடுத்துவிடுவான்' என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. கை அதற்குப் பின்னால் போகிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பதை ஏராள மனநிலை, வளமை மனநிலை என்றெல்லாம் தமிழில் எழுதுகிறார்கள். ஸ்டீபன் கவி என்ற அமெரிக்கர் 1989-ல் எழுதிய புத்தகம் ஒன்றின் வழியாகத்தான் இந்தப் பேச்சு உலகம் முழுக்கப் பரவியது. மற்றவனுக்குக் கிடைத்தால் எனக்குக் குறையும் என்று நினைக்காமல், எல்லோருக்கும் போதுமான அளவு இருக்கிறது என்று நம்பி நடப்பது என்பது அவர் சொன்னதன் சாரம். எனக்கு ஏராளம் என்ற சொல் பிடிக்கவில்லை. அதைக் கேட்டால் குவியல்தான் கண்ணில் தெரிகிறது. நிறைவு என்று சொல்லிக்கொள்கிறேன். செம்பும் நிறையும், குளமும் நிறையும்.

என் ஆச்சிக்குச் சொந்த ஊர் தேரிக்காட்டுப் பக்கம். செம்மணல் மேடு, பனை, உடைமரம், உப்புக் கரிக்கிற கிணறு. குடிக்கிற தண்ணீருக்கு இடுப்பில் ஒன்று தலையில் ஒன்றாகக் குடம் சுமந்து வெகுதூரம் நடந்தவள். கல்யாணமாகி வந்தது சேரன்மகாதேவிப் பக்கம். வாசலுக்கு எதிரே கன்னடியன் கால்வாய் ஓடுகிறது, ஊரைத் தாண்டினால் தாமிரபரணி. ஆனாலும் சாகிறவரை ஆச்சி ராத்திரி படுக்கப் போகும்முன் வீட்டில் உள்ள குடம், போணி, அண்டா, சருவச்சட்டி எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுத்தான் படுப்பாள். காலையில் அதைச் செடிக்கு ஊற்றிவிட்டு மறுபடியும் நிரப்புவாள்.

தண்ணீர் போகட்டும், செடிக்காவது உதவியது. கருப்பட்டி கதைதான் எனக்கு மறக்கவில்லை. பதநீர்க் காலம் முடியும்போது அவள் தம்பி சில்லுக்கருப்பட்டி கொண்டுவருவார். சுக்கும் ஏலக்காயும் மணக்கும். ஓலைக்கொட்டானில் போட்டுக் கட்டி, எங்கள் கைக்கு எட்டாமல் விட்டத்தில் தொங்கவிடுவாள். கேட்டால் ஒரே பதில்: "ஆளு வந்தா என்ன செய்ய, எய்யா?" ஆள் வருவார்கள், போவார்கள். வந்தவர்கள் அதற்குத் தகுதியான ஆளாக இருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. கொட்டான் இறங்காது. ஐப்பசி அடைமழையில் காற்றிலுள்ள ஈரம் பட்டு உள்ளே கருப்பட்டி கசியத் தொடங்கும். ஒருநாள் காலையில் பார்த்தால் விட்டத்திலிருந்து சுவர் வழியாக எறும்புச் சாரை இறங்கிக்கொண்டிருக்கும். அப்புறம்தான் கொட்டான் கீழே வரும். அடியில் பிசினாக ஒட்டியிருப்பதைச் சுரண்டி, எறும்பை ஊதித் தட்டி, காப்பியில் கலந்து எங்களுக்குத் தருவாள். வருஷா வருஷம் இதுதான்.

அவளைக் கஞ்சம் என்று சொல்ல மனசு வராது. அவள் பிறந்த வீட்டில் அப்படி ஒரு கொட்டான் தொங்கியதால்தான் சில ராத்திரிகளில் பிள்ளைகள் பட்டினி கிடக்காமல் தூங்கின. ஒரு காலத்தில் உயிரைக் காப்பாற்றிய பழக்கம், அந்தக் காலம் போன பிறகும் வேலையிலிருந்து ஓய்வு பெற மறுக்கிறது, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டால் பற்றாக்குறை மனநிலை உள்ளவர்களைத் திட்டத் தோன்றாது. நம்மையும் திட்டிக்கொள்ளத் தேவையில்லை.

இந்த மனநிலை மூளையில் என்ன செய்கிறது என்பதை நான் புத்தகத்தில் படிக்கும் முன்பு கவுண்டரில் பார்த்தேன். ஒரு கடன் சங்கத்தில் நகைக்கடன் பகுதியில் 16 வருஷம் உட்கார்ந்தவன் நான். தாலிச் செயினைக் கழற்றித் தந்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு போகிற பெண்கள், கொக்கி அறுந்த வளையம், ஒற்றைக் கம்மல், எல்லாம் கடந்து போயிருக்கின்றன. அதில் ஒரு அண்ணாச்சி. ரெண்டு ஏக்கர் நஞ்சை. ஐப்பசியில் பிசான நெல் பருவத்துக்கு நடவு வைக்கப் பணம் வேண்டி வருவார். படிவத்தில் தகப்பனார் பேர் எழுதுகிற இடத்தில் தன் பேரை எழுதுவார். வட்டி எவ்வளவு என்று மூன்று தடவை கேட்பார். நானும் மூன்று தடவை சொல்வேன். பணத்தை வாங்கிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்து நாலாவது தடவை கேட்பார். கொஞ்சம் மந்தமான ஆள் என்றுதான் நினைத்திருந்தேன்.

பங்குனியில் நெல் போட்ட பணத்தோடு அதே ஆள் வருவார். வெற்றிலை மென்றுகொண்டு, பக்கத்தில் நிற்பவரைக் கேலி பண்ணிக்கொண்டு. ஒரு தடவை வட்டியில் நான் 11 ரூபாய் கூடப் போட்டிருந்ததை வாய்க்கணக்கிலேயே பிடித்துவிட்டார். "தம்பி, நாளைக் கணக்குப் பாத்தீயளா, மாசத்தையா?" கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. ஐப்பசியில் தன் தகப்பனார் பேரைத் தவறவிட்டவர் இவர்தான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கிட்டத்தட்ட இதையே நாலு ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகள். அறுவடைக்கு முன்னால் கை காய்ந்திருக்கும்போது ஒரு தடவை, அறுவடைப் பணம் வந்த பிறகு ஒரு தடவை, ஒரே ஆளுக்கு ரெண்டு சோதனை. ஒன்று, வரிசையில் விடுபட்ட வடிவம் எது என்று கண்டுபிடிக்கிற புதிர். இன்னொன்று கவனத்துக்கு: '5 5 5' என்று காட்டினால், கண்ணில் படுகிற ஐந்தைச் சொல்லாமல், எத்தனை எண் இருக்கிறது என்று பார்த்து மூன்று என்று சொல்ல வேண்டும். அறுவடைக்கு முன்னால் அவர்கள் மோசமாகச் செய்தார்கள், பின்னால் நன்றாகச் செய்தார்கள். ஆள் அதே ஆள்தான், படிப்பும் அதே படிப்புதான். கரும்பைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. ஆலையின் முறைப்படி வெட்டு நடப்பதால் ஒருவருக்கு ஒரு மாசம், இன்னொருவருக்கு வேறு மாசம். அதனால் வெயில், திருவிழா என்று வேறு காரணம் சொல்லித் தப்பிக்க முடியாது. அறுவடைக்கு முன்னால் 100-க்கு 78 பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள், பின்னால் வெறும் 4 பேர் என்ற கணக்கைப் படித்தபோது, என் கவுண்டரை யாரோ எட்டிப் பார்த்து எழுதியது போலிருந்தது. 2013-ல் சயன்ஸ் இதழில் வந்தது.

அவர்கள் தருகிற விளக்கம் எளிமையானது. மனசுக்குள் இடம் அளவானது. ஒரு திண்ணையில் நாலு பேர்தான் உட்காரலாம். கடன், பள்ளிக்கூட ஃபீஸ், உர மூட்டை, மச்சினன் வீட்டு விசேஷம் என்று நாலு பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால், தகப்பனார் பேர் வந்து எங்கே உட்காரும்? பணம் இல்லாதவன் புத்தி குறைந்தவன் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. இருக்கிற புத்தியை வேறொன்று ஆக்கிரமித்திருக்கிறது. இந்த ஆய்வை எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இதே துறையில் பிறகு திரும்பச் செய்து பார்த்த சில சோதனைகளில் அதே விளைவு வரவில்லை. நான் இதை வேதமாக எடுத்துக்கொள்வதில்லை. அண்ணாச்சியைப் பார்த்திருப்பதால் பாதிக்கு மேல் நம்புகிறேன்.

குறைவது பணமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிகிற சமயம், 1944-45-ல், அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களைப் பல மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். பட்டினி கிடந்தவர்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்வதற்காக, அவர்கள் சம்மதத்தோடு நடந்தது. நாளாக ஆக அந்தப் பையன்கள் சமையல் புத்தகங்களை வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினார்கள். பேச்செல்லாம் சாப்பாடு. எது குறைகிறதோ அதுவே கண் முழுக்க நிறைந்துவிடுகிறது, மற்றது எதுவும் தெரிவதில்லை. நேரம் இல்லாதவனுக்குக் கடிகாரம், தூக்கம் இல்லாதவனுக்குத் தலையணை, அன்பு குறைந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு யார் யாருக்கு முதலில் பரிமாறினார்கள் என்ற கணக்கு.

இப்படிக் கண் ஒன்றிலேயே நிலைத்துவிட்டால் அடுத்து வருவது நாளையிடம் கடன் வாங்குவது. என் தொழிலே அதில்தான் ஓடியது. ஆனியில் பள்ளிக்கூடம் திறக்கும், செயின் உள்ளே வரும். வருஷம் முடியும்போது மீட்கப் பணம் இருக்காது. வட்டியை மட்டும் கட்டி, அதே செயினை மறுபடி வைப்பார்கள். செயின் லாக்கரை விட்டு வெளியே வராமலே வருஷக்கணக்கில் 'மீட்கப்பட்டு' 'வைக்கப்பட்டு'க் கொண்டிருக்கும். ஒரு அக்கா கேட்டாள்: "ஏன் தம்பி, என் செயின் இப்பவும் மஞ்சளாத்தான் இருக்கா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். இன்றைய ஓட்டையை அடைக்க நாளைய கூரையிலிருந்து ஓலையைப் பிடுங்குவது இது. வேறு வழி இல்லாமல் செய்பவர்களே அதிகம். ஆனால் வழி இருக்கும்போதும் கண் அதன்மேல் போகாது. வட்டியைச் சேர்த்துப் பார்த்தால் ரெண்டாவது செயினே வாங்கியிருக்கலாம் என்ற கணக்கு, நிதானமாக இருக்கிற நாளில் எல்லோருக்கும் வரும். நிதானமான நாளில் யார் கவுண்டருக்கு வருகிறார்கள்?

சரி, நிறைவு மனநிலைக்கு வருவோம். அதைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்துக் குளத்தைவிட நல்ல படம் எனக்குக் கிடைக்கவில்லை.

குளத்துக்குக் கரை உண்டு, மடை உண்டு, மறுகால் உண்டு. கரை தண்ணீரைப் பிடித்து வைக்கும். மடையைத் திறந்தால் வயலுக்குப் போகும். மறுகாலை யாரும் திறக்க வேண்டியதில்லை. தண்ணீர் ஒரு உயரத்தைத் தொட்டதும் தானாக அதன்மேல் வழிந்து, அடுத்த ஊர்க் குளத்துக்கு ஓடும். அந்தக் குளம் நிறைந்தால் அதன் மறுகால் அதற்கடுத்த குளத்துக்கு. இப்படிக் கோத்துக்கோத்துப் போகிற குளங்கள் எங்கள் சீமையில் நிறைய. "குளம் மறுகால் பாயுது" என்று சேதி வந்தால் வேலையைப் போட்டுவிட்டுப் பார்க்கப் போவோம்.

இதில் கவனிக்க வேண்டியது, மறுகாலின் உயரத்தை மழை வந்த பிறகு உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. குளம் வெட்டும்போதே வைத்துவிடுகிறார்கள். இதுவரைக்கும் எனக்கு, இதற்கு மேல் அடுத்தவனுக்கு. அது அடுத்த ஊருக்குச் செய்கிற தர்மம் மட்டும் இல்லை. மறுகால் இல்லாத குளம் பெருமழையில் கரை உடைந்து, உள்ள தண்ணீரையும் இழந்துவிடும். அதே நேரம், கோடையில் பாதிக்குளம் தண்ணீர் கிடக்கும்போது மறுகால் பாயவில்லையே என்று யாரும் குளத்தைத் திட்டுவதும் இல்லை.

நிறைவு மனநிலை என்று நான் புரிந்துகொண்டது இந்த உயரத்தைத்தான். நிறைய இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவதை அல்ல, எனக்கு எவ்வளவு இருந்தால் போதும் என்று ஒரு கல்லை நட்டு வைப்பதை. பற்றாக்குறை மனசில் அந்தக் கல் கிடையாது. மழை கூடினால் கரையை உயர்த்தும், இன்னும் கூடினால் இன்னும் உயர்த்தும். அதனால்தான் ஒரு வீடு இருந்தவருக்கு மூன்று வீடு ஆன பிறகும் ராத்திரி தூக்கம் வருவதில்லை.

எங்கள் ஊர்க்காரர் பேப்பரைத் திறந்ததும் பாபநாசம் அணையில் 143-க்கு எத்தனை அடி, மணிமுத்தாறில் 118-க்கு எத்தனை அடி என்றுதான் பார்ப்பார். டீக்கடையில் அதை வைத்துக் கார் பருவ நெல்லுக்குத் தண்ணீர் வருமா, பிசானம் தேறுமா என்று அரைமணி நேரம் பேசுவார். அவரிடமே, "உங்க வீட்டுக்கு மாசம் எவ்வளவு இருந்தாப் போதும், அண்ணாச்சி?" என்று கேளுங்கள். "அது கெடக்கு, எவ்வளவு வந்தாலும் பத்தாது" என்பார். அணைக்கு அளவுகோல் உண்டு, வீட்டுக்கு இல்லை. இதைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஒரு தாளில் மாசச் செலவை எழுதி, அதன் கீழே ஒரு கோடு போட்டு, 'இவ்வளவு போதும்' என்று ஒரு எண்ணை எழுதுங்கள். எண் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள். பலருக்குக் கை எழும்பாது. கையில் இருப்பது அந்தக் கோட்டுக்கு வெகு கீழே என்று தெரிந்தாலும் அது லாபமே. பயத்துக்கு ஒரு அளவு வந்துவிடுகிறது. அளவு தெரியாத பயம்தான் காலி வண்டியில் துண்டு போடச் சொல்கிறது.

சேர்த்து வைப்பதை நான் குறை சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பெயரிலேயே வேலி இருக்கிறது. சாமிக்குப் படைக்க வேதசர்மர் காயப்போட்ட நெல்லை மழை அடித்துக்கொண்டு போகாமல் சிவன் வேலி கட்டிக் காத்ததால் நெல்வேலி என்று தலபுராணம். காப்பது நல்லதுதான். ஆச்சியின் கொட்டானில் கருப்பட்டியைக் காத்தது யாருக்காக என்பதுதான் கேள்வி. கடைசியில் எறும்புக்காக.

மற்றவன் விஷயத்துக்கு வருவோம். ஸ்டீபன் கவி சொன்னதில் எல்லோரும் பிடித்துக்கொண்ட பகுதி அதுதான். எனக்குத் தெரிந்து ரெண்டு தவசிப்பிள்ளைகள் இருந்தார்கள். கல்யாணச் சமையல்காரர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ரெண்டு பேருக்கும் மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற தேங்காய்ப்பால் குழம்பான சொதியில் பேர். முதலாமவர் தேங்காய்ப்பால் எடுத்து இஞ்சிச்சாறு சேர்க்கிற நேரத்தில் எடுபிடிப் பையன்களை வெளியே அனுப்பிவிடுவார். தொழில் ரகசியம். ரெண்டாமவர் பையன்களைக் கூப்பிட்டு நிறுத்தி, முதல் பாலை எப்போது ஊற்ற வேண்டும், ஊற்றிய பிறகு ஏன் கொதிக்க விடக்கூடாது என்று கரண்டியால் தலையில் தட்டிச் சொல்லிக்கொடுப்பார்.

வைகாசியில் ஒரே முகூர்த்தத்துக்கு நாலு வீட்டிலிருந்து ஆள் வரும். முதலாமவர் ஒன்றை ஒப்புக்கொண்டு மூன்றை விடுவார். ரெண்டாமவர் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற மூன்றுக்கும் தான் பழக்கிய பையன்களை அனுப்புவார். ஆடியும் மார்கழியும் வந்தால் கல்யாணம் கிடையாது. முதலாமவர் வீட்டில் இருப்பார். ரெண்டாமவருக்கு, தனியாகத் தொழிலுக்குப் போய்விட்ட பையன்களிடமிருந்தே போன் வரும்: கோயில் கொடைக்குப் பெரிய சமையல், நீங்கள் வந்து நின்றால்தான் சரியாக இருக்கும் என்று. ஒரு பையன் அவருடைய வாடிக்கை வீட்டையே பிடித்துக்கொண்டு போனான் என்பதையும் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் இது நீதிக்கதை ஆகிவிடும். அவரிடம் அதைக் கேட்டபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவன் சொதி என் சொதி மாதிரி வராது" என்றார். அவருக்கும் வலித்திருக்கிறது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் ரெண்டு மனசையும் ஒரே தெருவில் பார்த்தேன். 17, 18 தேதிகளில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. சுற்றிலும் வெள்ளம், குடிக்க ஒரு குடம் தண்ணீர் கிடையாது, கரண்டு கிடையாது. முதல் நாள் கடையில் பால் பாக்கெட்டை ஒருவரே பத்து, பதினைந்து என்று அள்ளிக்கொண்டு போனார்கள். ஃபிரிட்ஜ் ஓடாத வீட்டில் பதினைந்து பாக்கெட் பால் என்னாகும் என்று யோசிக்கிற நிலையில் யாரும் இல்லை. மறுநாள் புளித்த பாலை வாசலில் கொட்டினார்கள். மூன்றாம் நாள் யார் வீட்டில் கேஸ் இருக்கிறது, யார் வீட்டில் அரிசி இருக்கிறது என்று தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அப்புறம் ஒரே வீட்டில் உலை வைத்தார்கள். என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க ரெண்டு நாள் ஆனது.

கைக்கு எட்டுகிற பழக்கங்கள் என்று பார்த்தால், பழைய வீடுகளில் பிடியரிசி என்று ஒன்று உண்டு. உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவது. நாலு பேர் சாப்பாட்டில் ஒரு பிடி குறைந்தால் யாருக்கும் தெரியாது. மாசக் கடைசியில் அந்தப் பானை ரெண்டு நாளைத் தள்ளும், இல்லாவிட்டால் வாசலில் வந்து நிற்கிறவருக்குப் போகும். குறைவாக இருக்கும்போதே கொஞ்சம் இடைவெளியை உண்டாக்கிக்கொள்வது இதன் சூட்சுமம். இன்றைக்கு அது அரிசியாக இருக்க வேண்டாம். சம்பளம் வந்த அன்றே எடுத்து வைக்கிற 200 ரூபாயாக இருக்கலாம், எந்த வேலையும் ஒப்புக்கொள்ளாத ஒரு புதன்கிழமை சாயங்காலமாக இருக்கலாம். திண்ணையில் ஒரு ஆள் இடத்தைக் காலியாக வைத்திருப்பது போல.

இன்னொன்று, பெரிய முடிவுகளைக் கை நிறைந்திருக்கும் நாளுக்குத் தள்ளி வைப்பது. கென்யாவில் சோள விவசாயிகளிடம் எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர், ஜொனாதன் ராபின்சன் மூவரும் செய்து பார்த்தார்கள். உரம் வாங்குவது நல்லது என்று விவசாயிகளுக்குத் தெரியும், விதைக்கிற நேரத்தில் கையில் காசு இருக்காது. எனவே அறுவடை முடிந்த கையோடு போய், 'இப்போதே பணம் கட்டிவிட்டால் உரத்தை நாங்களே கொண்டுவந்து தருகிறோம்' என்றார்கள். அந்தச் சின்னச் சலுகைக்கே உரம் வாங்குகிறவர்கள் நன்றாகக் கூடினார்கள். பின்னால் விலையைப் பெரிதாகக் குறைத்துக் கொடுத்தால் எவ்வளவு பலன் இருக்குமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. எங்கள் அண்ணாச்சிக்கு இதையே சொன்னேன். பங்குனியில் நெல் பணம் வந்த வாரமே ஐப்பசி நடவுக் கூலியைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டார். ஒரு வருஷம் சரியாக நடந்தது. அடுத்த வருஷம் மகளுக்குச் சடங்கு வந்தது, கணக்கைத் துடைத்தெடுத்தார். அதற்கடுத்த வருஷம் மறுபடியும் போட்டார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, 'எல்லாம் மனசில்தான் இருக்கிறது' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பாளையங்கோட்டையில் ஒரு ஹோட்டல் ஹாலில் இப்படி ஒரு வகுப்புக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். 'பணம் என்னைத் தேடி வருகிறது' என்று 21 தடவை எழுதச் சொன்னார் அந்தப் பயிற்சியாளர். எழுதினேன். அன்றைக்குப் பணம் தேடி வந்தது அவரைத்தான். கூலி குறைவாகக் கிடைக்கிறவளிடம் போய், நீ குறைவாக நினைப்பதால்தான் குறைவாகக் கிடைக்கிறது என்று சொல்வதைவிடப் பெரிய அநியாயம் இல்லை. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வரவில்லைதான். மேல்மடைக்காரர் தன் முறைக்கு மேல் ஒரு மணி நேரம் பாய்ச்சினால், கீழே இருப்பவருக்கு ஒரு மணி நேரம் குறையும். அங்கே நிறைவு மனநிலை பேசிக்கொண்டு நிற்கக் கூடாது. மண்வெட்டியோடு போய் முறையைக் கேட்க வேண்டும். எது தண்ணீர் முறை, எது சொதிப் பக்குவம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. தண்ணீர் முறை பகிர்ந்தால் குறையும். சொதிப் பக்குவத்தைச் சொல்லிக்கொடுத்தால் நம்மிடமும் இருக்கும். பற்றாக்குறை மனசு ரெண்டையும் ஒரே தராசில் போடுகிறது.

எனக்கு இது கைவந்துவிட்டதா என்றால், இல்லை. ஆச்சியின் தம்பி மகன் இப்போதும் சில்லுக்கருப்பட்டி அனுப்புகிறார், கூரியரில். போன வருஷம் வந்த அன்றைக்கே வீராப்பாக மொத்தத்தையும் ஒரு எவர்சில்வர் தட்டில் கொட்டி நடுவீட்டில் வைத்தேன். பிள்ளைகள் ரெண்டே நாளில் முடித்துவிட்டன. மூன்றாம் நாள் சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம். ஆச்சி பயந்தபடியே ஆள் வந்தார்கள், என் சித்தப்பாவும் சித்தியும். என் மனைவி அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள், நான் காலித் தட்டைப் பார்த்தேன். சீனி போட்டுத்தான் காப்பி கொடுத்தோம். சித்தப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, டிகாக்‌ஷன் நல்லா இறங்கியிருக்கு என்றார். பேச்சு அணை நீர்மட்டத்துக்குப் போய்விட்டது. அரிசி டப்பாவுக்குள் பேப்பரில் சுற்றி நான் ஒளித்து வைத்திருந்த நாலு சில்லைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.